ஈட்டிக்கொம்பையின் பதிற்குரல்

ஈட்டிக்கொம்பை ஊர் 'வேண்டாம்' என்று சொன்னது செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. ஜெசிந்தா மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியிடம் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள்.

"அரிவாள் செல் நோய் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஊசி. அதுக்கப்புறம் வலி வராது, ரத்தம் ஏத்த வேண்டாம். உங்க ஊர்ல அஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. போடலாமா?"

"வேண்டாங்க," என்றது குரல். "எங்க ரத்தத்தை எங்ககிட்டயே விட்ருங்க."

"ஏன்னு சொல்ல முடியுமா?"

"ஒருக்கா குடுத்தாச்சுங்க. போதும்."

அதற்குமேல் எத்தனை முறை கேட்டும் அது வாய் திறக்கவில்லை. பகல் இரண்டு மணிக்குள் மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி முடித்தன. இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு 'வேண்டாம்'.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து நான்கு வயது. மலைவாழ் மக்கள் நலக் கொள்கையகத்தில் பதினாறு வருடமாக ஆய்வாளராக இருந்தாள். பழங்குடி ஊரின் சம்மதம் இல்லாமல் அங்கே எந்த மருத்துவத் திட்டமும் தொடங்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் மலைமலையாக ஏறி, ஊர்க்கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மூன்று மாதத்துக்குப் பாதை இருக்காது. அதற்காகத்தான் பதிற்குரல் வந்தது. சோற்றுத் தூக்கு அளவில் வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். இரண்டு வருடம் அது வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எல்லா வீட்டுப் பேச்சையும் கலந்து ஊருக்கு ஒரு குரல் செய்தார்கள். எதைக் கேட்டாலும் அந்த ஊர் என்ன சொல்லுமோ அதை அந்தக் குரல் சொல்லும். சட்டமும் அதை ஊரின் வாய் என்று ஏற்றுக்கொண்டது.

முதன்முதலில் செய்த குரல், கோத்தகிரிக்குக் கீழே கிழக்குச் சரிவில் இருந்த ஈட்டிக்கொம்பை என்ற இருளர் ஊருடையது. முப்பத்தெட்டு வீடுகள். அந்தக் கலவை அத்தனை சீராக வந்ததைப் பார்த்துப் பொறியாளர்களே வியந்துபோனார்கள். மற்ற ஊர்களில் பாதிப் பேர் பெட்டியை மாட்டுக் கொட்டகையில் போட்டுவைத்தார்கள், சிலர் ஓடையில் விட்டுவிட்டார்கள். கிடைத்த கொஞ்சப் பேச்சை வைத்து முழுக்குரல் செய்ய முடியவில்லை. அதனால் ஈட்டிக்கொம்பைக் குரலையே அடியாக வைத்து, அதன்மேல் ஊருக்கு ஊர் சொல்லையும் வழக்கையும் மாற்றிப் பூசினார்கள்.

ஜெசிந்தாவின் பெயர் துறையில் நிலைத்தது அந்தக் குரலால்தான். பிள்ளைத்தாய்ச்சிகள் பிரசவத்துக்கு முன்பு வந்து தங்க ஒரு விடுதி கட்டியிருந்தும் யாரும் வருவதில்லை. ஏன் என்று நாலு குழுக்கள் ஆராய்ந்து நாலு அறிக்கை கொடுத்திருந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஜெசிந்தா ஈட்டிக்கொம்பைக் குரலிடம் கேட்டாள். "தாழ்ப்பாள் வெளியே இருக்குதுங்க. உள்ளே இல்லை. அப்படிப்பட்ட ரூம்ல எங்க பொம்பளைங்க எப்படிப் படுப்பாங்க?" என்றது அது. தாழ்ப்பாளை உள்ளே மாற்றினார்கள். அந்த வருடமே விடுதி நிரம்பியது. இரும்புச் சத்து மாத்திரை தின்றால் மலம் கறுப்பாகப் போகிறது, அதைப் பார்த்துப் பயந்து எறிந்துவிடுகிறார்கள் என்பதை அது சொன்னது. ஆம்புலன்ஸில் கூட ஒருவர்தான் ஏறலாம் என்றால் யாருமே ஏறமாட்டார்கள், மூன்று பேர் ஏறட்டும் என்றது. சொன்னதையெல்லாம் ஜெசிந்தா எழுதினாள், எழுதியதெல்லாம் நடந்தது. மலையில் பிரசவத்தில் சாகும் பெண்கள் அருகிப்போனார்கள். அவள் கனவில்கூடச் சில சமயம் அந்தக் குரல் வந்து வழி சொல்லும்.

காரணம் சொல்லாமல் அது ஒன்றை மறுத்தது இதுவே முதல் தடவை.

இயக்குநர் கோதண்டபாணி அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முப்பதாம் தேதிக்குள்ள சம்மதம் வரலைன்னா மருந்து வேற மாநிலத்துக்குப் போயிடும், ஜெசிந்தா. அடுத்த முறை நமக்கு எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது."

"முன்னூத்து நாப்பது பிள்ளைங்க சார்."

"தெரியும். ஆனா வேண்டாம்னா வேண்டாம்தானே. அதுக்குத்தானே சட்டம்."

"ஒருக்கா குடுத்தாச்சுன்னு சொல்லுது. என்ன குடுத்தாங்க, யாருக்குக் குடுத்தாங்க? பழைய பதிவெல்லாம் தேடிட்டேன். அந்த ஊர்ல அப்படி எதுவுமே நடக்கலை. நான் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரேன் சார்."

கோதண்டபாணி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆய்வாளர்கள் ஊருக்குப் போகக் கூடாது என்பது கொள்கையகத்தின் விதி. நேரில் பார்த்தால் ஒரு முகத்துக்காக மனசு சாய்ந்துவிடும், இருநூறு ஊருக்கு எழுதுகிற கை அப்படிச் சாயக் கூடாது என்பார்கள். பதினாறு வருடத்தில் ஜெசிந்தா எந்த மலைக்கும் ஏறியதில்லை. தூத்துக்குடிக்காரியான அவளுக்கு மலை என்றால் வரைபடத்தில் கோடுதான்.

"லீவு போட்டுட்டுப் போங்க," என்றார் அவர். "நான் அனுப்பினதா இருக்க வேண்டாம்."

கோத்தகிரியிலிருந்து ஜீப் ஒன்றரை மணி நேரம் இறங்கியது. ஊருக்கு முன்பே பள்ளிக்கூடத்தோடு சாலை நின்றுவிட, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்து போனாள். முதல் வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் தாய் வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றிக் காலில் ஒற்றிக்கொண்டிருந்தாள். தாயின் பெயர் சிந்து. மகள் மிதுனா.

"குளிர் ஏறுனா இப்படித்தாங்க," என்றாள் சிந்து. "மாத்திரை குடுத்திருக்கேன். மத்தியானத்துக்குள்ள கொஞ்சம் தணியும். நீங்க ஊசி விஷயமா வந்தீங்களா மேடம்? எப்ப போடுவாங்க?"

ஜெசிந்தா கட்டிலருகே வந்தாள். "ஊர்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்களே."

"யாரு சொன்னது?"

"உங்க ஊர்தான். நீங்க எல்லாரும் சேர்ந்து."

"எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லீங்களே."

பக்கத்து வீட்டில் கேட்டாள், அதற்கடுத்த வீட்டில் கேட்டாள். யாரிடமும் யாரும் கேட்கவில்லை. ஊசி வருகிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தார், பிள்ளை இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பெட்டிகளைப் பற்றிக் கேட்டபோது நஞ்சன் என்ற பெரியவர் சிரித்தார்.

"அதுவா. வீட்டுக்குள்ள ஒண்ணு உக்காந்து நாம பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருந்தா சோறு இறங்குமாங்க? எல்லாத்தையும் மருதிகிட்டக் குடுத்துட்டோம். அவதான் அப்ப பெட்டியைப் பாத்துக்கற வேலைக்கு இருந்தவ. நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்கன்னா."

மருதியின் வீடு ஊரின் கோடியில் இருந்தது. அறுபதை நெருங்கும் ஒல்லியான பெண், முற்றத்தில் பாய் விரித்து மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

ஜெசிந்தா நின்ற இடத்திலேயே நின்றாள். குரல் சற்றுக் கரகரத்திருந்தது, மூச்சு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் பதினாறு வருடமாக மேசையில் கேட்ட குரல் அது. தாழ்ப்பாளைச் சொன்ன குரல். முப்பத்தெட்டு வீட்டுப் பேச்சைக் கலந்து வடித்தது என்று அவள் நம்பியிருந்த குரல், ஒரே ஒருத்தியின் தொண்டையிலிருந்து வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்கதான் பேசினீங்களா?" என்றாள். "எல்லா வீட்டுக்கும்?"

மருதி மறைக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள் என்று இருந்தவள்போல மெல்ல உட்கார்ந்தாள்.

"முப்பத்தெட்டுப் பெட்டியும் இந்த வீட்டுலதாங்க இருந்துச்சு. காலையில நஞ்சன் வீடாப் பேசுவேன். அப்புறம் பாப்பி வீடு. சாயங்காலம் பூசாரி வீடு. புருசன் பொண்டாட்டி சண்டைகூடப் போட்டிருக்கேன், ரெண்டு பேருக்கும் நானே. சும்மா இட்டுக்கட்டலீங்க. ஒவ்வொரு வீட்டுலயும் போய் உக்காந்து கேட்டுட்டு வந்துதான் பேசுவேன். ஆனா அவங்க வாயில வந்ததை மட்டும் சொல்லல. பயத்துல முழுங்கினதையும் சேத்துச் சொன்னேன். பிரசவ ரூமுக்கு ஏன் போகலைன்னா நேரம் இல்லைன்னுதான் சொல்வாங்க. தாழ்ப்பாளைப் பத்தி யாரு சொல்வா?"

"அது தப்பு இல்லையா?"

"தப்புத்தாங்க. ஆனா தாழ்ப்பாள் உள்ள வந்துச்சுல்ல."

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. தன் பதினாறு வருடத்து அறிக்கைகள் ஒவ்வொன்றாக நினைவில் புரண்டன. எல்லாம் பொய்யான அடிப்படையில் எழுதியவை, எல்லாம் பலித்தவை. எதை எடுத்து எதோடு வைப்பது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"அப்போ ஊசி வேண்டாம்னு ஏன் சொல்லுது? ஒருக்கா குடுத்தாச்சுன்னா என்ன?"

மருதி மிளகை உள்ளங்கையால் பரப்பினாள்.

"எனக்கு ஒரு பையன் இருந்தாங்க. மாணிக்கன். மிதுனாவுக்கு இருக்கிற அதே நோவுதான். பெட்டியெல்லாம் வர்றதுக்கு மூணு வருசம் முன்னாடி, வெளியூர்ல இருந்து நாலு பேரு கார்ல வந்தாங்க. புது மருந்து, சரியாப் போயிடும்னாங்க. நான் தலையை ஆட்டினேன். ஊசி போட்டுட்டுப் போனவங்க திரும்பி வரல. அவனுக்குக் காய்ச்சல் வந்துச்சு, இறங்கல. எந்த ஆஸ்பத்திரிப் புக்குலயும் எழுதலீங்க. யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"இதைப் பெட்டியில சொன்னீங்களா?"

"சொல்லணும்னு சொல்லல. ஒருநாள் அவன் செத்த தேதி வந்துச்சு. அன்னிக்கு யாரு வீடாவும் என்னால பேச முடியல. நானாவே உக்காந்து அழுதேன். என்னென்னமோ பேசினேன். பெட்டியை மூட மறந்துட்டேன் மேடம். முப்பத்தெட்டும் தொறந்திருந்துச்சு."

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு விளங்கியது. ஒவ்வொரு பெட்டியும் அதை அந்தந்த வீட்டுப் பேச்சாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பதிற்குரலின் கணக்கில் ஈட்டிக்கொம்பையில் ஒரு பையன் சாகவில்லை. வீட்டுக்கு ஒரு பையன் செத்திருக்கிறான். அதை அடியாக வைத்துச் செய்த இருநூற்றுப் பதினோரு ஊர்களிலும் அப்படியே.

நஞ்சன் வீட்டுக்கு மேலேதான் போனுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அங்கே பாறைமேல் நின்று கோதண்டபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதை எழுதினீங்கன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றார். "பதினாறு வருசத்துச் சம்மதமும் செல்லாதுன்னு ஆகும். விடுதியை மூடு, ஆம்புலன்ஸை நிறுத்துன்னு நாளைக்கே யாராவது கோர்ட்டுக்குப் போவான். குரலே பொய்னா சட்டம் எதுக்குன்னு இன்னொருத்தன் கேப்பான். அப்புறம் அந்த ஜனங்களை யாரும் எதையும் கேக்கவே மாட்டாங்க."

"அப்போ என்ன சார் பண்றது?"

"குரலை ஊர்க்காரங்க புதுப்பிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அந்த அம்மாவை அதுகிட்டப் பேசச் சொல்லுங்க. ஊசி போடலாம்னு சொல்லட்டும். அடிக்குரல் மாறினா மீதி ஊரும் மாறிடும். முன்னூத்து நாப்பது பிள்ளைக்கும் ஊசி. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"அது மறுபடியும் ஒருத்தி எல்லாருக்கும் பேசுறது இல்லையா சார்?"

"ஆமா," என்றார் கோதண்டபாணி. "இந்தத் தடவை நல்லதுக்கு. போன தடவையும் நல்லதுக்குத்தான். உங்களுக்கு வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க."

கீழே மிதுனாவின் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொல்வது சரிபோலவும் இருந்தது, கூடாதது போலவும் இருந்தது. இறங்கி வந்து மருதியிடம் கேட்டாள். மருதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சிந்து புள்ள துடிக்கிறதை நானும்தான் தினம் கேக்கறேன். வாங்க," என்றாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் பதிற்குரலின் ஊர் முனை இருந்தது. சுவரில் பதித்த ஒரு ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும்தான். பேசுகிறவர் தன் பெயரைச் சொன்னாலே போதும், அது கேட்டுக்கொள்ளும். மருதி அதன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள், ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் மருதி. ஊசி வரட்டும். எங்களுக்குச் சம்மதம்."

ஒலிபெருக்கியில் அதே குரல், மருதியைவிட இருபது வயது இளமையாக, தணிந்து கேட்டது.

"பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்க?"

மருதி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஆபீஸ்காரி பக்கத்தில் இருக்கச் சொல்லும் சம்மதத்தை அது நம்பவில்லை என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே சிந்து நின்றுகொண்டிருந்தாள். "என்ன மேடம் ஆச்சு?"

"தெரியலை சிந்து."

உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. சொற்கள் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒரு குரல் விம்மியது. எது மருதி, எது மற்றது என்று பதினாறு வருடம் கேட்ட காதாலும் பிரிக்க முடியவில்லை.

மருதி கதவைத் திறந்துகொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"ஒத்துக்கலீங்க. எனக்குச் செத்தது ஒரு புள்ள. அதுக்கு முப்பத்தெட்டு. நான் போய் எப்படி அதைச் சமாதானம் பண்றது?"

மிளகுக்கொடிகளில் காற்று புகுந்து போயிற்று. மருதிதான் மறுபடி பேசினாள்.

"உசுரோட இருக்கறவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினா?"

மறுநாள் வியாழக்கிழமை காலையிலிருந்து அது தொடங்கியது. ஒரு வீட்டார் வருவார்கள், கூச்சத்தோடு பெஞ்சில் உட்காருவார்கள், மருதி அறிமுகம் சொல்வாள். நஞ்சனின் மகன் ஆட்டோ ஓட்டுகிற ஊரிலிருந்து விடுப்பில் வந்து, "நான்தான், இருக்கேன். சாகலை," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிப்போனான். கோயம்புத்தூரில் இருந்தவர்களைப் போனில் பேசவைத்தார்கள். நாலு வீட்டில் பையனே பிறந்ததில்லை. அங்கிருந்து பெண்கள் வந்து, "எங்க வீட்டுல பையனே இல்லீங்களே, எப்படிச் சாவான்?" என்று குரலோடு வாதாடினார்கள். பாப்பி வீட்டில் உண்மையாகவே ஒரு மகன் யானை மிதித்துப் போயிருந்தான். அதை என்ன சொல்வது என்று பாப்பி மருதியைக் கேட்டாள். "நடந்ததைச் சொல்லு," என்றாள் மருதி. குரல் ஒவ்வொருவரிடமும் இரண்டொரு கேள்வி கேட்கும், பிறகு "சரி, போயிட்டு வாங்க," என்று அனுப்பும். ஊருக்கே அது ஒரு பழக்கமாகிப்போயிற்று. சிலர் பேசி முடித்த பிறகும் எழாமல், தங்கள் வீட்டு விஷயத்தைச் சொந்த வாயால் முதன்முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா சிந்துவின் வீட்டில் தங்கினாள். பகலில் மிதுனாவுக்குத் துணையிருந்தாள், மற்ற நேரம் அறிக்கையை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். இரண்டு அறிக்கைகள் எழுதினாள். ஒன்றில் குரல் புதுப்பிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. இன்னொன்றில் நடந்தது முழுவதும் இருந்தது. ஈட்டிக்கொம்பைக் குரல் ஒருத்தி பேசியது, இப்போது அந்த ஊரார் எல்லோரும் வந்து திருத்துகிறார்கள், ஆகவே இனி அது அந்த ஊருக்கு மட்டுமே வாய், மற்ற இருநூற்றுப் பதினோரு ஊர்களுக்கும் வாயே இல்லை, அங்கே ஆள் போய்க் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். எதை அனுப்புவது என்று சனிக்கிழமை வரை அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை காலை பாறைமேல் ஏறி இரண்டாவதை அனுப்பினாள். அனுப்பிய கையோடு திரும்ப வாங்கிவிடலாமா என்று தோன்றியது.

கோதண்டபாணி பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். திட்டவில்லை. அவர் குரல் களைத்திருந்தது.

"முன்னூத்து முப்பத்தஞ்சு பிள்ளைங்க இந்த வருசம் தவறிட்டாங்க, ஜெசிந்தா. அதுல சில பேர் அடுத்த வருசம் இருக்க மாட்டாங்க. நீங்க நல்லவங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இதை நீங்கதான் சுமக்கணும்."

"ஆமா சார்."

"திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பொறுப்புல நீங்க இல்லை. எங்கே போடுவாங்கன்னு தெரியலை. ஈட்டிக்கொம்பைக்கு மட்டும் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் அனுப்புங்க. கோத்தகிரியில அஞ்சு டோஸ் நிறுத்தி வச்சிருக்கேன். அது மட்டும்தான் என்னால முடிஞ்சது."

பாறையிலேயே உட்கார்ந்து அவள் வெகு நேரம் அழுதாள். செய்தது சரி என்று ஒரு சின்ன நிம்மதியாவது வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பத்தேழாவது வீட்டார் பேசிவிட்டுப் போனார்கள். மருதி ஜெசிந்தாவின் கையைப் பிடித்து, "நீங்களும் இருங்க. கேட்டா இருக்காங்கன்னே சொல்லிடறேன்," என்றாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் மருதி. "பாத்தயா? யாரும் அப்படிச் சாகல. ஆபீஸ் அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சுதான் இருக்காங்க."

"முப்பத்தேழு வீடு வந்துச்சு," என்றது குரல். "உன் வீட்டுப் பையன் எங்கே?"

மருதியின் பிடி இறுகியது. ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

"அவன் மட்டும் இல்லை," என்றாள் மருதி.

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அறையின் தகரக் கூரை வெயிலில் ஒருமுறை நெளிந்து ஒலித்தது. பிறகு குரல், மிக மெல்ல, "சரி," என்றது.

அவ்வளவுதான்.

ஜெசிந்தா சற்றுப் பொறுத்து, "ஊசிக்குச் சரியா?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அது பேசவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். "மருதியம்மா, அந்தச் சரிக்கு என்ன அர்த்தம்?"

"எனக்குச் சொல்லுச்சோ, உங்களுக்குச் சொல்லுச்சோ, தெரியலீங்க," என்றாள் மருதி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்த வீட்டுலயும் சரின்னுதானே சொல்றோம்."

ஜெசிந்தா கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் விரித்தாள். 'பதிற்குரலின் முடிவு' என்று அச்சிட்டிருந்தது. கீழே ஆம் ஒன்று, இல்லை ஒன்று, இரண்டு கட்டங்கள். பேனாவைத் திறந்து ஆம் என்பதன் மேல் பிடித்தாள். அந்த ஒரு சொல்லை ஆம் என்று எடுக்க எவ்வளவு ஆசைப்படுகிறோம் என்று நினைத்ததும் கை நின்றது. இல்லை என்று போடவும் கை வரவில்லை.

ஜெசிந்தாவைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டிய ஜீப் பள்ளிக்கூட முன்வாசலில் வந்து நின்றது. அதன் பக்கத்தில் சிந்து நின்றிருந்தாள். மிதுனாவுக்குத் தலை வாரி, ஸ்வெட்டர் போட்டு, இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த இடுப்பு போதவில்லை, கால்கள் தாயின் முழங்காலைத் தாண்டித் தொங்கின. பின்னால் மற்ற நாலு வீட்டாரும் பையும் போர்வையுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"போலாங்களா மேடம்?" என்றாள் சிந்து.

"சிந்து, அது என்ன சொல்லுச்சுன்னு எனக்கே இன்னும் விளங்கலை. இந்த மருந்துலயும் என்ன ஆகும்னு நூத்துக்கு நூறு என்னால சொல்ல முடியாது. நூத்துல ரெண்டு பேருக்குச் சரியாப் பிடிக்காமப் போகலாம். மருதியம்மா பையனுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க. நேத்து அவங்களே வந்து எங்க அஞ்சு வீட்டுலயும் உக்காந்து சொன்னாங்க. ராத்திரி தூங்கலை. பயமாத்தான் இருக்குது." சிந்து மகளை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தாள். "கூட்டிட்டுப் போங்க."

ஜெசிந்தா படிவத்தைக் காட்டினாள். சிந்து குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேடிப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரை எங்கே எழுதறதுங்க?" என்றாள்.

எங்கும் இடம் இல்லை. ஜெசிந்தா காகிதத்தைத் திருப்பினாள். அச்சில்லாத வெறும் பக்கத்தை ஜீப்பின் மூடிமேல் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். சிந்து மிதுனாவை மருதியின் கையில் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.